கன்னிப் பெண்ணுக்குப் பின் யார்?

அலிபிரிக்கு அடிப்புளி என்று ஒரு பழைய பெயர் உண்டு என்பார்கள். மலையடியில் நின்ற புளிய மரத்தால் வந்த பெயராம். திருமலை நம்பியிடம் இராமானுஜர் ஓராண்டுக் காலம் இராமாயணப் பொருள் கேட்டது இந்த மலையடிவாரத்தில்தான் என்பது வைணவ மரபு. பெயர் எப்படி வந்திருந்தாலும், இங்கிருந்து மலைக்கு ஏறும் 3,550 படிகளில் ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டுதான் ஏறுகிறார்கள் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அதிகாலையில் அப்படி ஏறிக்கொண்டிருந்த ஓர் அம்மாளைச் சந்தித்தேன். புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர், தமிழர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டுக்கொண்டே வந்தார். மூச்சு வாங்க ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தபோது பேச்சுக் கொடுத்தேன்.

“தம்பிக்காக வேண்டுதலா அம்மா?”

“தம்பிக்காக இல்லேண்ணா. எனக்கு ஒரு நல்ல புத்தி வரணும்னுதான். வர்ற வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கான். கையெழுத்துப் போடறதா, வேண்டாமான்னு தெரியலை.”

விஷயம் இதுதான். பாட்டன் காலத்து மாந்தோப்பு ஆறு ஏக்கர். தாய் முதலில் போனார். 1998இல் தகப்பனார் காலமானார். பிள்ளைகள் இருவர்: இந்த அம்மாளும், இவருக்குப் பின் பிறந்த தம்பியும். தாய் படுக்கையில் கிடந்த ஒன்பது ஆண்டுகளும் பணிவிடை செய்தவர் இவர். பூக்கட்டி விற்று, தம்பியைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தார். அதற்குள் இவருடைய கல்யாண வயது கடந்து போயிற்று. தம்பி கெட்டவர் அல்லர். அக்காளுக்குச் சோறு போடுகிறார், மருந்து வாங்கித் தருகிறார். இப்போது தோப்பின் மேல் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அதற்காக அக்காளிடம் விடுதலைப் பத்திரம் கேட்கிறார்.

“‘உனக்குப் பின்னாலே யாரு இருக்காங்க அக்கா? கடைசியிலே எல்லாம் என் பிள்ளைங்களுக்குத்தானே? இப்பவே எழுதிக் கொடுத்துட்டா என்ன?’ன்னு கேக்கறான். நியாயமாத்தான் தோணுது. ஆனா மனசு என்னமோ ஒப்பலை.”

“பத்திரத்தைப் படித்துப் பார்த்தீர்களா?”

“தெலுங்கிலே இருக்குண்ணா. பேசுவேன், படிக்கத் தெரியாது.”

‘உனக்குப் பின்னால் யார்?’ என்று தம்பி கேட்ட இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தேன். பார்ப்பதற்கு மிகவும் எளிய கேள்வி. ஆனால் மணமாகாத பெண்ணை இந்தக் கேள்வி நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாகத் துரத்தி வந்திருக்கிறது. குடிசையில் மட்டும் அல்ல, அரண்மனையிலும் துரத்தியிருக்கிறது.

அரசியிடம் கேட்டார்கள்

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் 1558இல் பட்டத்துக்கு வந்தார். வந்த மறு ஆண்டே நாடாளுமன்றம் அவரிடம் சென்று, மணம் செய்துகொள்ள வேண்டும் என்று மனுக் கொடுத்தது. 1563இலும் 1566இலும் மறுபடி மறுபடி அதே வேண்டுகோள். ஆட்சி எப்படி நடக்கிறது என்பதைவிட, ‘உமக்குப் பின் யார்?’ என்பதே அவர்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது. எலிசபெத் கடைசிவரை மணக்கவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்டுவிட்டு 1603இல் மறைந்தார். எதிர்பார்த்தபடி நாடு இரண்டாகிவிடவில்லை. ஸ்காட்லாந்தின் அரசராக இருந்த ஜேம்ஸ் அமைதியாக வந்து முடி சூடினார். இத்தனைக்கும் அவருடைய தாய் மேரி, எலிசபெத்தின் ஆட்சியில் 1587இல் சிரச்சேதம் செய்யப்பட்டவர்.

ஸ்வீடனில் கிறிஸ்டினா என்ற அரசி இருந்தார். தகப்பனார் போர்க்களத்தில் இறந்தபோது, 1632இல், அவருக்கு வயது ஆறுகூட நிறையவில்லை. வளர்ந்து ஆட்சியை ஏற்றதும் எல்லோரும் மணப் பேச்சைத்தான் எடுத்தார்கள். மணக்க மாட்டேன் என்று சொல்லி, உறவினரான கார்ல் குஸ்தாவை வாரிசாக ஏற்கச் செய்தார். 1654இல் தாமே முடியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு நாட்டை விட்டே வெளியேறினார். 1689இல் ரோமாபுரியில் காலமானார். கொடுத்தது பெரிது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தம் கையால், தாம் விரும்பிய ஆளுக்குக் கொடுத்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

பிரெஞ்சு இளவரசியின் பத்திரம்

எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. பிரான்ஸ் நாட்டில் ஆன் மாரி லூயி என்ற இளவரசி இருந்தார். 1627இல் பிறந்தவர், மன்னர் பதின்மூன்றாம் லூயியின் தம்பி மகள். பிரெஞ்சு அரச வழக்கப்படி பெண்ணுக்கு அரியணை இல்லை. பெண் வழியாக வந்த ஆணுக்குக்கூட இல்லை. ஆகவே முடியைப் பற்றி அவர் நினைக்கவே முடியாது. ஆனால் பிறந்த சில நாட்களிலேயே இறந்து போன தாயிடமிருந்து மாபெரும் சொத்து அவருக்கு வந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய பணக்காரப் பெண்களில் ஒருவர் என்று பெயரெடுத்தார்.

அந்தச் சொத்தே அவருக்குக் காவலாகவும் இருந்தது, விலங்காகவும் இருந்தது. சிறு வயதில் சொத்தை மேற்பார்த்த தகப்பனாரோடு பிற்காலத்தில் கணக்குக் கேட்டு வழக்காட வேண்டியதாயிற்று. பல நாட்டு அரசர்களுக்கும் இளவரசர்களுக்கும் அவரை மணமுடிக்கப் பேச்சு நடந்தது. ஒன்றும் கூடிவரவில்லை. 1652இல் உள்நாட்டுக் கலகத்தின்போது பாஸ்தீல் கோட்டைப் பீரங்கிகளை மன்னரின் படை மீதே சுடச் செய்தார். அதற்குத் தண்டனையாகத் தலைநகரை விட்டுப் பல ஆண்டுகள் விலகி வாழ்ந்தார்.

நாற்பத்து மூன்று வயதில், 1670இல், லோசன் என்ற அரசவைப் பிரபுவை மணக்க விரும்பினார். மன்னர் பதினான்காம் லூயி முதலில் இசைவு தந்தார். சில நாட்களுக்குள் அந்த இசைவைத் திரும்பப் பெற்றார். மறு ஆண்டு லோசன் சிறையில் அடைக்கப்பட்டார். பத்து ஆண்டுகள் கழித்து அவரை விடுவிக்க என்ன விலை தெரியுமா? இளவரசியின் தோம்ப் சிற்றரசும் ஏ சீமையும் மன்னரின் வைப்பு மகனுக்குப் போக வேண்டும். இளவரசி எழுதிக் கொடுத்தார். 1681இல் லோசன் வெளியே வந்தார்.

நம் ஊர்ப் பத்திர எழுத்தரைக் கேட்டால் அதற்கும் விடுதலைப் பத்திரம் என்றுதான் பெயர் சொல்லுவார். சொத்துள்ள மணமாகாத பெண்ணிடம் அதை வாங்கிக்கொள்ள அன்பும் போதும், அச்சமும் போதும், கடமை என்ற சொல்லும் போதும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1693இல் அவர் இறந்தபோது எஞ்சியிருந்த சொத்தில் பெரும்பகுதி மன்னரின் தம்பிக்குப் போயிற்று. எழுதப்பட்டதெல்லாம் அரச குடும்பத்துக்குள்ளேயே திரும்பி வந்து சேர்ந்தது.

தஞ்சையில் நடந்தது

ஐரோப்பாவின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் தஞ்சாவூருக்கு வரலாம். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் மகன் சிவாஜி, 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். பல மனைவியர் இருந்தனர், பெண் மக்கள் இருவர் இருந்தனர். இளைய மகளுக்குப் பட்டம் தரலாம் என்று அங்கிருந்த கம்பெனி ரெசிடென்ட் ஃபோர்ப்ஸே எழுதினார். கம்பெனியின் டைரக்டர்கள் ஒப்பவில்லை. இந்து ராஜ்ஜியத்தில் பெண்ணுக்குப் பட்டத்துரிமை இல்லை என்று தீர்த்துவிட்டு, சமஸ்தானமே முடிந்து போயிற்று என்று அறிவித்தார்கள். 1856 அக்டோபரில் அரண்மனையும் அதிலிருந்த உடைமைகளும் கைப்பற்றப்பட்டன.

மூத்த ராணி காமாட்சி பாய் விடவில்லை. சென்னையில் இருந்த அக்காலத்து சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அங்கே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் அதை மாற்றியது. இது அரசு தன் அதிகாரத்தால் செய்த காரியம், இதில் நியாய அநியாயம் பார்க்க நீதிமன்றத்துக்கு இடமில்லை என்பது தீர்ப்பின் சாரம். பிறகு 1862இல் அரசாங்கமே மனமிரங்கித் தனிச்சொத்துகளை விதவை ராணிகளிடம் திருப்பிக் கொடுத்தது. அவர்கள் காலத்துக்குப் பின் மகளுக்குச் சேர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த மகள் முக்தாம்பாளுக்குத் தஞ்சை இளவரசி என்ற பட்டப் பெயர் மட்டும் மிஞ்சியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெண்ணுக்கு உரிமை இல்லை என்று கம்பெனி யார் பெயரைச் சொல்லி மறுத்ததோ, அந்த இந்து தர்ம சாஸ்திரத்தின் பெரிய உரைநூலான மிதாட்சரம், பாகம் பிரிந்த ஒருவனுக்கு மகனும் மனைவியும் இல்லாதபோது அவன் சொத்து மகளுக்குச் சேரும் என்கிறது. மகள்களுக்குள்ளும் யாருக்கு முதலிடம்? மணமாகாத மகளுக்கு! அவளுக்குப் பிறகுதான் மணமான மகளுக்கு. ஆதரவு வேண்டியவள் அவளே என்ற எண்ணம் அந்தக் காலத்து உரைகாரருக்கே இருந்திருக்கிறது. கம்பெனிக்காரர்கள் சாஸ்திரத்தில் தங்களுக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் புரட்டினார்கள். இன்றும் நம் வீடுகளில் நடப்பது அதுதான்.

தெலுங்கு நாட்டிலேயே அதற்கு மாறான உதாரணம் இருக்கிறது. வாரங்கல்லை ஆண்ட காகதீய கணபதி தேவர் தம் மகள் ருத்ரமாவுக்கே ஆட்சியைக் கொடுத்தார். ஆண் பெயரும் ஆண் உடையும் தந்துதான் கொடுக்க முடிந்தது என்பது அக்காலத்தின் குறை. ஆனால் அவர் 1289 வரை ஆண்டார், பகைவரைப் போர்க்களத்தில் சந்தித்தார், மகள் வயிற்றுப் பேரன் பிரதாபருத்திரனைத் தம் வாரிசாக்கினார். ‘உனக்குப் பின் யார்?’ என்ற கேள்விக்கு அவரே பதில் எழுதினார்.

திருமலையிலேயே சாமவை என்ற பல்லவ குலத்து அரசியின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வெள்ளியால் இறைவன் திருமேனி செய்து வைத்து, நகைகளும் நிலமும் கொடுத்ததை அது சொல்கிறது. இன்று நாம் போக ஸ்ரீனிவாசர் என்று வணங்கும் திருமேனி அது. ஒரு பெண் தன் நிலத்தைத் தன் பெயரில் கொடுத்தாள் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைக்க நம்மவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. இன்று பட்டாதார் பாஸ் புத்தகத்தில் அக்காள் பெயரைச் சேர்க்கத்தான் கூச்சமாக இருக்கிறது.

1985 செப்டம்பர் 5

இனி சட்டத்துக்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணுக்குப் பங்கு கொடுத்தது. ஆனால் கூட்டுக் குடும்பச் சொத்தில் அரைகுறையாகக் கொடுத்தது. ஓர் எளிய கணக்கு: தாய் இல்லாத வீட்டில் தகப்பன், ஒரு மகன், ஒரு மகள். பூர்விக நிலம் 12 ஏக்கர். தகப்பன் உயில் எழுதாமல் இறக்கிறார். பழைய கணக்குப்படி மகன் பிறப்பாலேயே பாதிக்கு, அதாவது 6 ஏக்கருக்கு, உரியவன். தகப்பனின் 6 ஏக்கரில்தான் இருவருக்கும் சரிபாதி. முடிவில் மகனுக்கு 9, மகளுக்கு 3.

இந்த அநியாயத்தை மாற்ற முதலில் முன்வந்த மாநிலங்களில் ஆந்திரம் முக்கியமானது. 1986இல் நிறைவேறி, 1985 செப்டம்பர் 5 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட திருத்தச் சட்டம், மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி என்றது. அதே 12 ஏக்கரில் இப்போது மகனுக்கு 6, மகளுக்கு 6. என்.டி.ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது வந்த சட்டம் இது. தமிழ்நாடு 1989இல் பின்பற்றியது. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994இல் பின்பற்றின.

ஆனால் அதில் ஒரு கோடு கிழித்திருந்தார்கள். அந்தத் தேதிக்கு முன் மணமான பெண்ணுக்கு இந்த உரிமை இல்லை. மணமாகாமல் இருந்தவளுக்கு உண்டு. ஒரே வீட்டில் பிறந்த அக்காளுக்கு ஆவணியில் தாலி ஏறியிருந்தால் ஒன்றும் இல்லை. தங்கைக்கு அடுத்த தையில் ஏறினால் பங்கு உண்டு. இந்தக் கோட்டை நாடாளுமன்றம் 2005இல் அழித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 9 முதல் மணமானவள், மணமாகாதவள் என்ற பேதமின்றி எல்லா மகள்களும் பங்காளிகள். தகப்பன் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்தது. உரிமை பிறப்பால் வருகிறது, தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி பிரித்துக்கொண்ட பாகங்களை மட்டும் இது தொடாது.

அலிபிரியில் நான் சந்தித்த அம்மாள் 1985இல் மணமாகாத பெண். தகப்பனார் அன்று உயிரோடு இருந்தார். தோப்பு பூர்விகச் சொத்து, இன்றுவரை பாகம் பிரியவில்லை. ஆகவே அவருக்கு இந்த உரிமை 2005இலோ 2020இலோ வந்ததல்ல. நாற்பது ஆண்டுகளாக அவருடையது. ஆறு ஏக்கரில் பாதி அவருடையது. இதை அவரிடம் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அப்பா ஒரு வார்த்தை சொல்லலையே” என்று மட்டும் சொன்னார். அப்பாவுக்கே தெரிந்திருக்காது என்றேன். தெரிந்தும் சொல்லாத அப்பாக்கள் உண்டு என்பதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

ஸ்வீடன் நாட்டில் அரியணை வாரிசுச் சட்டத்தை 1980இல் மாற்றினார்கள். ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்கே பட்டம் என்றார்கள். ஏற்கெனவே பட்டத்து இளவரசராக இருந்த ஒரு வயதும் நிறையாத தம்பியை விலக்கி, அக்காள் விக்டோரியாவை வாரிசாக்கினார்கள். பெல்ஜியம் 1991இலும், டென்மார்க் 2009இலும் இந்த வழிக்கு வந்தன. பிரிட்டன் 2013இல் சட்டம் இயற்றி 2015இல்தான் நடைமுறைப்படுத்தியது. ஸ்பெயினில் இன்றும் ஆணுக்கே முதலிடம். ஜப்பானில் பெண்ணுக்கு அரியணையே இல்லை. இவற்றோடு ஒப்பிட்டால், ஆந்திரத்துச் சிறு விவசாயியின் மகளுக்கு பிரிட்டிஷ் இளவரசிக்கு முன்பே சம உரிமை எழுத்தில் கிடைத்துவிட்டது. எழுத்தில் கிடைத்தது கைக்கு வரவில்லை என்பதுதான் வருத்தம்.

தம்பியின் பக்கம்

தம்பியின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. தோப்பைக் காத்தது அவர். காய்ந்த ஆண்டுகளில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியது அவர். மாங்காய் விலை விழுந்த ஆண்டுகளில் நஷ்டப்பட்டதும் அவர்தான். ஆறு ஏக்கரை இரண்டாக்கினால் இரண்டும் பிழைக்காது என்று அவர் அஞ்சலாம். அக்காளுக்குக் கடைசிவரை சோறு போடப் போகிறவரும் அவரே. இவை பொய்யான வாதங்கள் அல்ல.

ஆனால் இவற்றுக்கெல்லாம் பதில், அக்காளின் உரிமையே இல்லை என்று எழுதி வாங்குவது அல்ல. உழைப்புக்குக் கணக்குப் போடலாம். நிலத்தைப் பிரிக்காமல் வருமானத்தைப் பிரிக்கலாம். கடன் வாங்க இருவரும் சேர்ந்து கையெழுத்திடலாம். ‘என் ஆயுள் வரை என் பங்கு என்னுடையது, எனக்குப் பின் இன்னாருக்கு’ என்று அக்காள் உயில் எழுதலாம். இத்தனை வழிகள் இருக்கும்போது, எல்லாவற்றையும் மூடிவிடும் ஒரே வழியை மட்டும் ஏன் முன்னே நீட்டுகிறோம்?

‘கடைசியில் என் பிள்ளைகளுக்குத்தானே?’ என்பதில் இன்னொரு தவறும் இருக்கிறது. மணமாகாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், பெற்றோரும் இல்லாதபோது, அவள் சொத்து தகப்பனாரின் வாரிசுகளுக்கு, அதாவது உடன்பிறந்தவர்களுக்கும் அவர்கள் வழியினருக்கும் போகும் என்பது சட்டம். தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா, மணமாகாதவர், 2016 டிசம்பரில் மறைந்தார். உயில் எதுவும் வெளிவரவில்லை. அவருடைய அண்ணன் மகளும் மகனுமே வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆகவே தம்பி பிள்ளைகளுக்குச் சொத்து போய்ச் சேரும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ‘பின்னால் வரப்போகிறது’ என்பது ‘இப்போதே கொடு’ என்பதற்குக் காரணம் ஆகுமா? அதே தம்பியிடம் போய், ‘உனக்குப் பின் எல்லாம் உன் மகனுக்குத்தானே, இன்றே அவன் பெயரில் எழுதிவிடு’ என்று யாராவது சொல்கிறோமா? சொன்னால் முகத்தைப் பார்ப்பாரா? அவருக்குப் பிள்ளைகள் இருப்பதால் அவருடைய உரிமை பத்திரமாக இருக்கிறது. அக்காளுக்குப் பிள்ளை இல்லாததால் அவருடைய உரிமை அந்தரத்தில் தொங்குகிறது. வாரிசு இருப்பவருக்கே சொத்து என்றால், அது அரச வம்சத்து நியாயம். நம் வீடுகள் அரண்மனைகள் அல்ல.

நாராயணவரத்து ஆகாசராஜன் கதையை இந்தப் பக்கத்தில் அறியாதவர் யார்? பத்மாவதித் தாயாரின் தகப்பனார் அவர். அவர் மறைந்தபின் தம்பி தொண்டைமானும் மகனும் நாட்டுக்காகப் போர் தொடுக்க, பெருமாளே நடுவில் நின்று இருவருக்கும் பிரித்துக் கொடுத்துச் சமாதானம் செய்தார் என்று தலபுராணம் சொல்கிறது. ஆகாசராஜன் காலம் முதல் இன்றுவரை நம் ஊரில் பாகப்பிரிவினை என்றால் அண்ணன், தம்பி, மகன் இவர்கள் பேச்சுத்தான். மகள் பேச்சு எழ வேண்டிய காலம் வந்துவிட்டது.

செய்ய வேண்டியவை

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வாழும் நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. பத்திரமும் தெலுங்கு. தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது, எட்டாவது படித்து நின்றுவிட்ட வயதான பெண்களுக்குத் தெலுங்கு நாக்கில் உண்டு, கண்ணில் இல்லை. பத்திரத்தில் ‘பாகப்பிரிவினை’ என்று இருக்கிறதா, ‘விடுதலை’ என்று இருக்கிறதா, ‘பொது அதிகாரம்’ என்று இருக்கிறதா என்பது அவர்களுக்குத் தெரியாது. கட்டை விரலை மையில் வைத்த பிறகுதான் தெரியவரும்.

ஆகவே சில விஷயங்களை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதலாவதாக, எந்தப் பத்திரமானாலும் அதை எழுதி வந்தவரே படித்துக் காட்டினால் போதும் என்று இருக்காதீர்கள். அதில் ஆதாயம் இல்லாத ஒருவரைக்கொண்டு வரிக்கு வரி தமிழில் சொல்லச் செய்யுங்கள். பள்ளியில் படிக்கும் அண்டை வீட்டுப் பிள்ளைகூடப் போதும். இரண்டாவதாக, வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசு இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. சித்தூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மூன்றாவதாக, மணமாகாத பெண்கள், விதவைகள், பிள்ளை இல்லாதவர்கள் கட்டாயம் உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வெள்ளைத்தாளில் எழுதினாலும் உயில் உயில்தான். பதிவு செய்தால் இன்னும் நல்லது. மனம் மாறினால் மாற்றி எழுதலாம். விடுதலைப் பத்திரத்தை அப்படி மாற்ற முடியாது.

தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. அக்காள் மனமுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கொடுப்பது என்றால் தன்னுடையது என்று தெரிந்து கொடுப்பது. தன்னுடையது என்றே தெரியாதவரிடமிருந்து வாங்குவதற்கு வேறு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அந்த அம்மாளோடு காளிகோபுரம்வரை நடந்தேன். அதற்கு மேல் என் கால் ஒத்துழைக்கவில்லை. பிரியும்போது, வெள்ளிக்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“போவேண்ணா. தம்பி கூப்பிட்டுப் போகாம இருக்கக் கூடாது. ஆனா முதல்லே தமிழ்லே படிச்சுக் காட்டச் சொல்லுவேன். பாதி என் பேர்லே இருக்கட்டும்பேன். அவன் பிள்ளைங்களுக்குத்தான் கொடுக்கப் போறேன், வேற யாருக்கு? ஆனா நான் கொடுக்கணும்.”

அடுத்த படிக்குக் குனிந்து மஞ்சள் பூசத் தொடங்கினார்.